டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?

கம்ப்யூட்டருக்குப் புதுத் திரை வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்தே தீரும். நல்ல 27 இன்ச் மானிட்டர் ஒன்றுக்குக் கேட்கிற பணத்தில் 43 இன்ச் 4கே டிவியே வந்துவிடும் போலிருக்கிறது. இரண்டுமே எல்சிடி பேனல்தான், இரண்டிலும் எச்டிஎம்ஐ இருக்கிறது, அப்புறம் சின்னத் திரைக்கு எதற்கு அவ்வளவு கொடுக்க வேண்டும்? வீட்டில் ஏற்கெனவே டிவி இருந்தால் இந்த எண்ணம் இன்னும் வலுக்கும்: எதையுமே வாங்க வேண்டாமே.

நியாயமான கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க எழுத்தைப் படிப்பதும் எழுதுவதும்தான் வேலை என்றால் மானிட்டர் வாங்குங்கள். மேசை ஆழமாக இருக்கிறது, ஒரே நேரத்தில் நாலைந்து விண்டோவை விரித்துவைத்து வேலை செய்கிறீர்கள் என்றால் 42 அல்லது 43 இன்ச் 4கே டிவியைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். சோபாவில் சாய்ந்துகொண்டு விளையாடுவதும் படம் பார்ப்பதும் இடையிடையே இணையத்தில் உலாவுவதும் என்றால் டிவிதான் சரி, மானிட்டரைத் தேடவே வேண்டாம். நீங்கள் இந்த மூன்றில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே உள்ள தூரம் முக்கால்வாசி முடிவு செய்துவிடுகிறது.

டிவியில் கம்ப்யூட்டரைச் செருகுவது புதுப் பழக்கம் இல்லை. 1977இல் வந்த ஆப்பிள் 2, 1982இல் வந்த கொமடோர் 64 ஆகிய இரண்டையும் ஏராளமானோர் வீட்டு டிவியில்தான் இணைத்துப் பயன்படுத்தினார்கள். இரண்டிலும் ஒரு வரிக்கு 40 எழுத்துதான். அந்தக் கால டிவியில் அதற்கு மேல் நெருக்கினால் எழுத்து கலங்கிவிடும். ஒரு வரிக்கு 80 எழுத்து வேண்டும் என்றவர்கள் தனி மானிட்டர் பக்கம் போனார்கள். படத்துக்கு ஒரு திரை, எழுத்துக்கு ஒரு திரை என்ற அந்தப் பிரிவின் மிச்சம் இன்றைய 4கே டிவியின் மெனுக்களுக்குள்ளும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தூரம்

4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள். 27 இன்ச் மானிட்டரானாலும் 65 இன்ச் டிவியானாலும் 4கே என்றால் இதே எண்ணிக்கைதான். திரை பெரிதாகும்போது ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகிறது, அவ்வளவே. 27 இன்ச் 4கே மானிட்டரில் ஒரு இன்ச் நீளத்துக்குள் 163 பிக்சல் அடங்கும். 43 இன்ச் டிவியில் அது 102. 55 இன்ச்சில் 80, 65 இன்ச்சில் 68.

சாதாரணமான நல்ல பார்வை ஒரு பாகையின் (டிகிரியின்) 60இல் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் பொதுவான அளவுகோல். அதை வைத்துக் கணக்குப் போட்டால், பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் கலந்துபோக எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று கிடைத்துவிடும். 27 இன்ச் 4கே மானிட்டருக்கு 53 செ.மீ. போதும். 43 இன்ச் 4கே டிவிக்குச் சுமார் 85 செ.மீ. வேண்டும். 55 இன்ச்சுக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேசையில் வேலை செய்கிற பெரும்பாலானவர்கள் 60 முதல் 75 செ.மீ. தூரத்தில் உட்கார்கிறார்கள். ஆகவே 43 இன்ச் என்பது எல்லைக்கோடு. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ள முடிந்தால் சரிப்பட்டு வரும், முடியாவிட்டால் எழுத்தின் ஓரங்களில் பிசிறு தெரியும்.

அந்தப் பிசிறு உடனே பெரிய குறையாகத் தோன்றாது. 24 இன்ச் முழு எச்டி (1920 × 1080) மானிட்டரிலும் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல்தான். இவ்வளவு காலம் கோடிக்கணக்கானோர் அதில் வேலை செய்துவந்திருக்கிறார்கள். அந்த வகையில் 43 இன்ச் 4கே டிவி அதைவிட ஒரு படி மேல். ஆனால் தமிழில் நிறையப் படிப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், ‘க’வை ‘க்’ ஆக்குவது மேலே நிற்கும் ஒரு சின்னப் புள்ளி. அடர்த்தி குறைந்த திரையில், சிறிய எழுத்தளவில், அந்தப் புள்ளி மேல் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், சுழிகள் அடைபட்டுப்போகும். மூளை ஊகித்துப் படித்துவிடும். ஆனால் மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு அந்த ஊகம் போதாது. தமிழில் எழுதிப் பிழைதிருத்துகிறவர்களுக்கு 27 இன்ச் 4கே மானிட்டரைத்தான் நான் மனதாரப் பரிந்துரைப்பேன். அதில் எழுத்து அச்சிட்டதுபோல் தெரியும்.

தூரம் என்பதில் கண் மட்டும் இல்லை, கழுத்தும் இருக்கிறது. 43 இன்ச் டிவியின் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ. அதன் கால்களோடு மேசையில் நிறுத்தினால் மேல் விளிம்பு மேசையிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். சாதாரண உயரமுள்ள ஒருவர் உட்கார்ந்தால் கண் மட்டம் மேசைக்கு மேல் 45 அல்லது 50 செ.மீ.தான் இருக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற பரிந்துரை. இங்கே அது தலைகீழாகிவிடுகிறது. பிரவுசரின் டேப்புகளையும் மெனுக்களையும் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் வைத்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது இன்னும் சிரமம். படிக்கத் தலையை அண்ணாந்து வைத்தே ஆக வேண்டும். மானிட்டரில் இந்தத் தொல்லை கிடையாது. நல்ல ஸ்டாண்டு உள்ள மானிட்டரை ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம், செங்குத்தாகக்கூடத் திருப்பலாம். டிவிக்கு இதற்கு ஒரே நல்ல வழி, கால்களைக் கழற்றிவிட்டு மேசைக்குப் பின்னால் சுவரில் தாழ்வாக மாட்டுவது. திரையின் கீழ் விளிம்பு மேசைப் பரப்பை ஒட்டி வருகிற மாதிரி மாட்டினால் கழுத்து நேராக இருக்கும், தூரமும் 10, 15 செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும். டிவி வாங்க முடிவு செய்தவர்கள் சுவர் மாட்டியையும் சேர்த்தே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை மங்கவைக்கிற வண்ணச் சுருக்கம்

டிவியை இணைத்ததும் ‘எழுத்து ஏதோ கலங்கலாக இருக்கிறது’ என்று பலர் சொல்வார்கள். பிக்சல் கணக்கு சரியாக இருந்தாலும் இப்படி ஆகும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். வண்ண வேறுபாட்டில் அவ்வளவு நுணுக்கம் இல்லை. அதனால் வீடியோவில் வெளிச்சத் தகவலை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, வண்ணத் தகவலை நாலு பிக்சலுக்கு ஒன்று என்று சுருக்கிவிடுவார்கள். இதை 4:2:0 என்று குறிப்பார்கள். ப்ளூ-ரே தட்டில் வருவதும், இணையத்தில் ஓடும் படங்களில் ஏறக்குறைய எல்லாமும் இப்படிச் சுருக்கியவைதான். முகமும் வானமும் ஓடுகிற காட்சியில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடுகளால் ஆன எழுத்துக்கு இது ஆகாது. கறுப்பில் சிவப்பு எழுத்து, நீலத்தில் சிவப்பு எழுத்து போன்றவை பஞ்சுபோல் உப்பிவிடும். நிரல் எழுதுகிறவர்கள் வண்ண வண்ணமாகப் பார்க்கிற குறியீடுகள் எல்லாம் இந்த வகைதான். எக்செல்லில் கலர் அடித்த கட்டங்களும் அப்படியே.

மானிட்டர் பொதுவாக முழு வண்ணத் தகவலையும், அதாவது 4:4:4 என்று சொல்வதை, அப்படியே காட்டும். டிவியில் பல மாடல்களில் இந்த வசதி உண்டு, ஆனால் தானாக வராது. இணைப்புத் துளையின் பெயரையோ வகையையோ ‘பிசி’ என்று மாற்றினால்தான் எல்ஜி, சாம்சங் டிவிகள் பலவும் வண்ணத்தைச் சுருக்காமல் காட்டும். அந்தத் துளையில் தகவல் முழு வேகத்தில் வரத் திறந்துவிடும் செட்டிங்கும் தனியாக இருக்கும்; சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மேட்’ என்பது போன்ற பெயர்களில். சில விலை குறைந்த டிவிகளில் என்ன செய்தாலும் 4:4:4 வராது. அப்படிப்பட்ட டிவியை மானிட்டராக எடுக்கவே கூடாது என்பேன். திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

கேபிளும் துளையும் இதில் சேர்த்தி. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகும். மவுஸ் அம்புக்குறி தவழ்கிற மாதிரி இருக்கும். அரைமணி நேரம் வேலை செய்தாலே சலிப்பு வந்துவிடும். 2013இல் வந்த 2.0இல் 4கே, 60 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 60 முறை), முழு வண்ணம் மூன்றும் சேர்ந்து கிடைக்கும். 2017இல் வந்த 2.1 அதை 120 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகிறது. இதில் கவனிக்க வேண்டியது டிவியை மட்டும் இல்லை. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை 1.4 ஆக இருந்தால் டிவி எதுவாக இருந்தும் பயனில்லை. விலை குறைந்த யுஎஸ்பி-சி அடாப்டர்கள் பலவும் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். மானிட்டர்களில் இருக்கிற டிஸ்பிளேபோர்ட் என்ற இணைப்பு டிவிகளில் அநேகமாக இருக்காது என்பதால், கிராபிக்ஸ் கார்டில் எச்டிஎம்ஐ துளை ஒன்று காலியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவியின் நாலு துளைகளில் ஒன்றிரண்டு மட்டுமே முழு வேகத்தில் இயங்கும் மாடல்களும் நிறைய.

மவுஸ் பின்தங்குவது

டிவி தனக்குள் வருகிற படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். படத்தில் மினுக்கும் புள்ளிகளை நீக்கும், அசைவை வழவழப்பாக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும். அசைவை வழவழப்பாக்க அடுத்து வரும் ஃபிரேம், அதாவது அடுத்த தனிப் படம், என்ன என்று தெரிய வேண்டும், ஆகவே படத்தைச் சற்று நிறுத்திவைக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லி விநாடி. இப்படி ஐந்தாறு ஃபிரேம் சேர்ந்தால் 100 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. படம் பார்க்கும்போது ஒலியையும் சேர்த்தே தாமதப்படுத்திவிடுவதால் யாருக்கும் தெரியாது. மவுஸை நகர்த்தும்போது கைக்கு உடனே தெரியும். ஐகானைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற மாதிரி ஆகும்.

இதற்குத் தீர்வு எளிது: இந்த மெருகேற்றலைக் குறைத்துவிடும் கேம் மோடு. அதைப் போட்டால் சமீபத்திய டிவிகள் பலவற்றில் தாமதம் 10, 20 மில்லி விநாடிக்கு இறங்கிவிடும். அலுவலக வேலைக்கு அது தாராளம். போட்டி விளையாட்டு விளையாடுகிறவர்கள் மட்டும் அதற்கென்றே செய்த 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையோ 120 ஹெர்ட்ஸ் டிவியையோ பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் டிவிகள் நன்றாகவே முன்னேறிவிட்டன என்பது என் கணிப்பு.

அளவு வாரியாக

முதலில் 32 இன்ச் டிவி. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 32 இன்ச் டிவிகளில் பல ‘எச்டி ரெடி’ வகை. அவற்றின் பேனல் 1366 × 768. இந்த எண் எந்த வீடியோ தரத்தோடும் பொருந்தாதது. கம்ப்யூட்டர் 1280 × 720 அனுப்பினால் டிவி இழுத்து விரிக்கும், 1920 × 1080 அனுப்பினால் நசுக்கும். எப்படியும் கம்ப்யூட்டரின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் போய் உட்காராது. எழுத்தின் கோடுகள் சில இடத்தில் தடித்து, சில இடத்தில் மெலிந்து தெரியும். சரியான அளவை அனுப்ப வழி கிடைத்தாலும் ஒரு இன்ச்சுக்கு 49 பிக்சல்தான். பிக்சல் தெரியாமல் இருக்க முக்கால் மீட்டர் இல்லை, ஒன்றேமுக்கால் மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். முழு எச்டி 32 இன்ச்சும் மேசைக்கு ஏற்றதில்லை; ஒரு இன்ச்சுக்கு 69 பிக்சல். அதே பணத்துக்கு 24 இன்ச் முழு எச்டி மானிட்டர் வாங்கினால், திரை சின்னதாக இருந்தாலும், காட்டுகிற விஷயத்தின் அளவு அதேதான், கூடவே எழுத்து தெளிவாக இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு என்று 32 இன்ச் டிவியை மேசைமேல் வைக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அதே டிவியைச் சுவரில் மாட்டி, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து காணொளி வகுப்பைக் கேட்பது வேறு விஷயம். அதற்கு அது நல்ல திரை.

43 இன்ச் 4கே. டிவி உண்மையாகவே மானிட்டரோடு போட்டி போடுகிற இடம் இது. எழுத்தைப் பெரிதாக்காமல், 100 சதவீத அளவிலேயே படிக்க முடியும். 27 இன்ச் 4கே மானிட்டரில் பெரும்பாலானவர்கள் 150 சதவீதமாக்கித்தான் படிப்பார்கள். அப்போது உள்ளே கொள்ளும் விஷயம் 2560 × 1440 திரையின் அளவுக்குச் சுருங்கிவிடும். 43 இன்ச்சில் அந்த இழப்பு இல்லை. சட்டகக் கோடுகள் நடுவே வராமல், 21.5 இன்ச் முழு எச்டி மானிட்டர்கள் நாலை ஒட்டிவைத்த இடம் அப்படியே கிடைக்கும். நீண்ட எக்செல் தாள், பக்கத்தில் பிடிஎஃப், கீழே மின்னஞ்சல், மேல் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று. கணக்காளர்கள், பங்குச்சந்தையைக் கவனிப்பவர்கள், நிரல் எழுதுகிறவர்கள், வீடியோ எடிட்டிங் டைம்லைனை நீளமாக விரிக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு இந்தப் பரப்பு ஒரு சுதந்திரம். பழகியபின் சின்னத் திரைக்குத் திரும்ப மனம் வராது.

இந்த அளவில் பேனல் வகையையும் பாருங்கள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் நேராகப் பார்க்காவிட்டால் நிறம் வெளிறும். 70 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் 43 இன்ச் திரையின் மூலைகளை நீங்கள் சாய்வாகத்தான் பார்க்கிறீர்கள். நடுவில் இருக்கும் சாம்பல் ஓரத்தில் வேறு சாம்பலாகத் தெரியும். ஐபிஎஸ் பேனலில் இந்தச் சிக்கல் குறைவு, கறுப்பு மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். நெருங்கி உட்கார்ந்து பார்க்கிற மேசைக்கு ஐபிஎஸ்தான் என் தேர்வு. இன்னொரு நுணுக்கம்: சில டிவி பேனல்களில் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை தலைகீழாக இருக்கும். விண்டோஸ் எழுத்தை வழவழப்பாக்குவது வழக்கமான வரிசையை நம்பித்தான் என்பதால் எழுத்தோரத்தில் நிறக்கசிவு தெரியும். விண்டோஸில் கிளியர்டைப் டியூனரை ஒருமுறை ஓட்டி, தெளிவாகத் தெரிகிற மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

48 இன்ச்சுக்கு மேல் போனால் மேசை தாங்காது. 55 இன்ச் திரையின் அகலம் 122 செ.மீ. அதைச் சுவரில் மாட்டி, ஒரு மீட்டருக்கு அப்பால் உட்கார இடம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அப்புறம் ஓஎல்இடி, அதாவது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிற திரை. எல்ஜி 2020இல் 48 இன்ச், 2022இல் 42 இன்ச் என்று சிறிய ஓஎல்இடி டிவிகளைக் கொண்டுவந்தபோது அவற்றை மேசையில் வைக்க ஒரு கூட்டமே கிளம்பியது. விளையாட்டுக்கும் படத்துக்கும் அதற்கு ஈடு இல்லை. கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், 120 ஹெர்ட்ஸ் கிடைக்கும், அசைவில் இழுபறி கிடையாது. ஆனால் நாள் முழுக்க வேலை என்றால் நான் தயங்குவேன். கீழே டாஸ்க்பார், மேலே டேப் வரிசை, பக்கத்தில் மெனு என்று ஒரே படம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் நிற்கும்போது அந்த இடத்துப் பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து, நிழல் தங்கிவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கத் திரையே சில தற்காப்புகளைச் செய்யும்: வெள்ளைப் பக்கம் பெரிதாக வந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், அசையாத படம் நின்றால் மெல்ல மங்கும். வேர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது இது எரிச்சலூட்டும். ஓஎல்இடிதான் வேண்டும் என்பவர்கள் டாஸ்க்பாரை மறைந்துகொள்ளும்படி வைத்து, பின்னணியைக் கறுப்பாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். இரவில் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள்; திரை தன்னைச் சரிசெய்துகொள்வது ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான்.

தினசரி உரசல்கள்

மானிட்டர் கம்ப்யூட்டரோடு தூங்கும், கம்ப்யூட்டரோடு விழிக்கும். டிவி அப்படி இல்லை. கம்ப்யூட்டர் தூங்கினால் ‘சிக்னல் இல்லை’ என்று பலகை காட்டிக்கொண்டு நிற்கும், சில நிமிடம் கழித்துத்தான் அணையும். திரும்ப எழுப்ப ரிமோட்டைத் தேட வேண்டும். டிவி அணைந்த கணத்தில் திரையே கழன்றுவிட்டதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, விரித்துவைத்த விண்டோக்களை எல்லாம் வேறு இடத்தில் குவித்துவிடுவதும் உண்டு. இரண்டாவது திரையாக டிவியை வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் 11இல் விண்டோக்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி கொஞ்சம் கைகொடுக்கும்.

வெளிச்சம் இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்து படிக்க 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவே போதும். எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்காக அமைத்து வருகிற டிவி, கடையில் பளிச்சென்று தெரிகிற ‘விவிட்’ மோடில் இருந்தால், கண்ணுக்கு நேரே விளக்கைப் பிடித்த மாதிரிதான். பேக்லைட்டை, அதாவது திரையின் பின்விளக்கை, நன்றாகக் குறையுங்கள். ஆனால் சில டிவிகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போடும். அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும். ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்று குறிப்பிட்டு வருகிற மானிட்டர்கள் எத்தனையோ உண்டு, டிவி வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. தலைவலி எளிதில் வருகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மானிட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். டிவியின் முகப்பு பளபளப்பாக இருந்தால் பின்னால் இருக்கும் ஜன்னலும் அதில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்மார்ட் டிவியில் அந்தரங்கம் பற்றிய கவலை ஒன்றும் உண்டு. திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் மென்பொருள் பல டிவிகளில் இருக்கிறது; எச்டிஎம்ஐ வழியாக வருகிற படத்தையும் அது பார்க்க முடியும். ஒப்புதல் இல்லாமல் 1.1 கோடி டிவிகளிலிருந்து இப்படித் தகவல் திரட்டியதாக எழுந்த வழக்கை, 2017இல் விசியோ என்ற டிவி நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டி அமெரிக்க அரசுத் தரப்போடு முடித்துக்கொண்டது. வங்கிக் கணக்கும் அலுவலகக் கோப்புகளும் திறந்திருக்கப்போகிற திரை இது. மானிட்டராக மட்டும் பயன்படுத்துவதென்றால் டிவிக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்கவே வேண்டாம். கம்ப்யூட்டர்தான் இணையத்தில் இருக்கிறதே, டிவிக்கு எதற்கு?

டிவி வெல்லும் இடங்கள்

பார்வை குறைந்தவர்களையும் வயதானவர்களையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய 4கே டிவியில் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் முழு எச்டி திரையில் கொள்கிற அளவு விஷயம் அப்படியே கிடைக்கும். சின்ன மானிட்டரில் அவ்வளவு பெரிதாக்கினால் ஒரு பக்கத்தில் நாலு வரிதான் நிற்கும். மூக்கைத் திரையில் ஒட்டிவைத்துப் படிக்கிற ஒருவருக்கு 43 இன்ச் அல்லது 50 இன்ச் டிவி தருகிற நிம்மதியை இந்தக் கட்டுரையின் எந்த எண்ணும் அளக்காது. இங்கே பிக்சல் அடர்த்தியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

ஒரே அறையில் படிப்பும் பொழுதுபோக்கும் என்று இருப்பவர்களுக்கும் ஒரு திரை இரண்டு வேலை செய்வது பெரிய லாபம். ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருக்கும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது, இருந்தாலும் பேச்சைக் கேட்க மட்டும்தான் உதவும். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள், மானிட்டரில் வேலை செய்துவிட்டு, பார்வையாளர்கள் பார்க்கப்போகிற மாதிரியே டிவியில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். வீட்டில் டிவி ஏற்கெனவே இருக்கிறது என்றால் நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: 24 அல்லது 27 இன்ச் மானிட்டரை எழுத்துக்கு வைத்துக்கொண்டு, டிவியை வீடியோ அழைப்புக்கும் படத்துக்கும் இரண்டாவது திரையாக இணையுங்கள். கம்பியில்லாமல் இணைக்க ஆசைப்பட வேண்டாம். அதில் படம் அழுத்திச் சுருங்கி வரும், தாமதமும் சேரும். கேபிளே நல்லது.

வாங்குமுன், வாங்கியபின்

வீட்டு டிவியில் ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். செலவில்லாத பரீட்சை அது. ஆனால் சரியாக அமைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் டிவிமேல் வீண் பழி விழும். இணைப்பின் வகையை ‘பிசி’ ஆக்குங்கள், கேம் மோடைப் போடுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி தெரிந்தால், பழைய குழாய் டிவி காலத்திலிருந்து வந்த ஓவர்ஸ்கேன் இன்னும் இயங்குகிறது என்று பொருள். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்பது போன்ற பெயரில் அதை அணைக்கும் வழி இருக்கும். ஷார்ப்னஸ் அதிகமாக இருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் தெரியும், அது மறையும் வரை குறையுங்கள். கறுப்பு சாம்பலாகவோ, இருண்ட பகுதிகள் எல்லாம் ஒரே கறுப்பாகவோ தெரிந்தால், கம்ப்யூட்டர் ஒரு வண்ண வரம்பிலும் டிவி வேறு வரம்பிலும் பேசிக்கொண்டிருக்கின்றன: ஒன்று 0 முதல் 255 வரை, மற்றது 16 முதல் 235 வரை. கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கிலோ டிவியிலோ இரண்டையும் ஒன்றாக்குங்கள். பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் லோக்கல் டிம்மிங் இருந்தால் வேலை நேரத்தில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் அம்புக்குறியைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் கூடவே வரும்.

புதிதாக வாங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவற்றைச் சோதித்துவிடுங்கள். நீலப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்து. அது கூர்மையாகத் தெரிந்தால் 4:4:4 வருகிறது. டிஸ்பிளே செட்டிங்கில் 3840 × 2160, 60 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறதா. திரை முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை நிரப்பி, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்தே பார்த்தால் மூலைகள் எவ்வளவு மாறுகின்றன. 10 பாயின்ட் எழுத்தளவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் உங்கள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள். புள்ளியும் சுழியும் பிரிந்து தெரிகின்றனவா என்பதையும், எழுந்திருக்கும்போது கழுத்து வலிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.